தம்பி பேருக்கு முன்னால் ஒரு சொல்

1

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்தது நாலு, வளத்தது அஞ்சு. அஞ்சாவது என் தம்பி மகன் வேலவன். அவனுக்குக் கல்யாணம் பேசினபோது ஒரு சொல்லால வந்த வில்லங்கத்தைத்தான் எழுதப் போறேன். நான் ரெண்டாங் கிளாசுக்கு மேல பள்ளிக்கூடம் பாக்காதவ. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். ஆகட்டும். இங்கன எனக்கு ஓடிப்போய்ச் செய்ய வேண்டிய வேலை ஒண்ணும் இல்லை.

இங்கனன்னா இங்கிலாந்து தேசத்துல லீட்ஸ்ங்கிற ஊரு. மூத்தவன் பாண்டி இங்க இன்சினியர். மருமக ஷீலா குமுளிக்காரி, ஆஸ்பத்திரியில நர்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பேத்தி நிலாவைப் பாத்துக்க ஆள் வேணும்னு என்னைக் கூட்டிக்கிட்டாக. காலையில அவளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றது நான், சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வர்றதும் நான். போகையில மழை தூறும், வரையிலயும் தூறும். நம்ம பக்கத்துச் சாரல் மாதிரி சிலுசிலுன்னு இருக்காது. எலும்புக்குள்ள போய்க் குடியிருக்கிற மழை.

நிலாவுக்குப் பத்து வயசு. நான் தமிழ்ல கேட்டா இங்கிலீசுல பதில் சொல்லுவா. சனிக்கிழமை ஒரு சர்ச்சு மண்டபத்துல தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும், அங்கன போய் அ, ஆ படிச்சிட்டு வருவா. எழுத்துல அவளும் நானும் ஏறக்குறைய ஒரே கிளாசு.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வெளிய வந்தவ, பையை என் கையில குடுத்துட்டுச் சொன்னா:

“அப்பத்தா, எனக்குப் பார்ட் கெடச்சிருச்சு.”

நடந்துக்கிட்டிருந்தவ நின்னுட்டேன். என்னை அறியாம வாயில வந்துருச்சு, “ராஜபார்ட்டா?”

அவளுக்குப் புரியலை. பள்ளிக்கூடத்துல நாடகம் போடுறாகளாம், கப்பல்ல சமைக்கிற பொம்பளையா அவ வாறாளாம், எல்லாரையும் சிரிக்க வைக்கணுமாம். அப்பன்னா அது பபூன் பார்ட்டுன்னேன். அதுக்கு அவ, அப்பத்தா, அது திட்டுற வார்த்தை, மிஸ்கிட்டச் சொல்லிராதேங்கிறா.

எனக்கு ஒரே ஆச்சரியம். பபூன் இவுக பாசையா? பார்ட்டும் இவுக பாசையா? நான் அது ரெண்டும் எங்க ஊரு பொட்டிப்புரத்துச் சொல்லுன்னுல்ல இத்தனை வருசமா இருந்தேன்.

2

என் தம்பி பேரு கூடலிங்கம். ராஜபார்ட் கூடலிங்கம்னாத்தான் தெரியும். கம்பம், சின்னமனூர், போடி, அங்கிட்டு கெங்குவார்பட்டி வரைக்கும் கோயில் திருவிழான்னா ஆட வரச்சொல்லி அவனுக்குச் சீட்டு வந்துரும். ராஜா வேசம், வேலன் வேசம், எதுல கதாநாயகன் உண்டோ அது அவன் வேசம். வேலனா ஆடினதுல ஒரு பித்து, மகனுக்கும் அந்தப் பேரை வச்சான்.

எங்க அய்யா அவனை ராஜபார்ட்டுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. கூத்தாடின்னுதான் சொல்லுவாரு. தம்பி நாடகம் முடிஞ்சு வெள்ளனத்துல தகரப் பெட்டியோட வந்து நின்னா, “கூத்தாடி வந்துட்டான், சோத்தைப் போடு”ம்பாரு. சோறு போடச் சொல்லாம இருந்ததில்லை. அந்தச் சொல்லைச் சொல்லாமயும் இருந்ததில்லை.

வீட்டுத் தொட்டியில தண்ணி நாலு நாள் கிடந்தா நெளிநெளியா ஒரு புழு வரும்ல, கொசுவாகப் போறது, அதுக்கும் கூத்தாடின்னுதான் பேரு. சின்னதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். புழுவைப் பாத்து மனுசனுக்கு இந்தப் பேரு வந்துச்சா, மனுசனைப் பாத்துப் புழுவுக்கு வந்துச்சா? தம்பிகிட்டயே கேட்டிருக்கேன். அவன் சிரிச்சுக்கிட்டே, “ரெண்டும் ஒரு எடத்துல சும்மா நிக்காது, அக்கா”ன்னான்.

நான் எழுத்துக் கூட்டப் பழகினதும் அவனாலதான். திருவிழாவுக்கு முன்னால செவுத்துல நோட்டீஸ் ஒட்டுவாக. ஆட்டக்காரவுக ஒவ்வொருத்தர் படமும் வட்டத்துக்குள்ள இருக்கும், கீழ பேரு இருக்கும். தம்பி படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு தெரியாமப் போனா நான் என்ன அக்கா? விரலை வச்சுக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். அப்பக் கல்யாணமாகி உத்தமபாளையத்துல இருக்கேன். என் வீட்டுக்காரரு புண்ணாக்குக் கடை வச்சிருந்தாரு. கடைக்கு எதிர்ச் செவுத்துலதான் ஒட்டுவாக. மாடு வச்சிருக்கவுகளுக்கெல்லாம் நான் வாசிச்சுக் காட்டினேன்.

தம்பி பொண்டாட்டி காய்ச்சல்ல போயிட்டா. பையனைக் கொண்டுவந்து என் மடியில விட்டுட்டுப் போனான். பெறகு தம்பியும் நெஞ்சுச் சளியில போயிட்டான். வேலவன் என் பிள்ளைகளோட பிள்ளையா வளந்தான். என் பொண்ணுக ரெண்டும் அவனுக்கு மூத்ததுக. இல்லேன்னா வெளியில பொண்ணு பாக்கிற பேச்சே வந்திருக்காது.

3

வேலவனும் இந்தத் தேசத்துக்கே வந்துட்டான். மான்செஸ்டர்ல கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறுல ரயிலேறி வந்துருவான். முப்பது தாண்டியும் ஒரு பொண்ணும் அமையலை. கடைசியா போடியில ஒரு எடம் வந்துச்சு. ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரவுக வீடு. பொண்ணு கவிதா காலேஜுல பாடம் எடுக்குது. லீவுல போயிப் பாத்துட்டு வந்தவன் மூஞ்சியைப் பாத்தே நான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு வாரம் சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூடச் சொல்லலை.

நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. நான் போகணும்னு ஆசை. என் பாஸ்போர்ட்டு விசா நீட்டிக்கிறதுக்கு ஆபீசுக்குப் போயி, எப்ப வரும்னு தெரியாமக் கிடக்குது. கேட்டா லெட்டர் வரும்ங்கிறாக. லெட்டர் வந்தா, உங்க லெட்டர் எங்களுக்கு வந்து சேந்துச்சுன்னு எழுதியிருக்கு. நம்ம தாலுகா ஆபீசுல இழுத்தடிப்பாக, ஆனா மூஞ்சியாவது தெரியும். இங்கன மூஞ்சியே இல்லை.

அப்பத்தான் பொண்ணைப் பெத்தவரு போன் பண்ணினாரு. எல்லாம் மரியாதையாத்தான் பேசினாரு. நிச்சய ஓலையில மாப்பிள்ளைக்குத் தகப்பன் பேரா என் வீட்டுக்காரர் பேரைப் போட்டுருவோம்னாரு. வளத்த தகப்பன்தானே, வியாபாரக் குடும்பம்னு நாலு பேரு மதிப்பாகன்னாரு. பெத்தவரு பேரைப் போட்டா...ன்னு இழுத்தாரு. நான் விடலை. போட்டா என்னன்னு கேட்டேன்.

“ஒண்ணும் தப்பா நெனைக்காதீக, சம்பந்தியம்மா. கூத்தாடி வீட்டுல பொண்ணைக் குடுத்துட்டான்னு ஒரு சொல் வந்துரும்.”

எங்க அய்யா போயி எத்தனையோ வருசம் ஆச்சு. அந்தச் சொல் கடல் தாண்டி வந்து என் காதுல விழுந்துச்சு.

பெத்தவன் பேரு மட்டுமில்லை, அதுக்கு முன்னால ராஜபார்ட்டுங்கிற சொல்லும் ஓலையில இருக்கணும், இல்லேன்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். வேலவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். “அத்தை, பேரை விட்டுருவோமே. எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு”ன்னான்.

4

பதில் சொல்றதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்னு பட்டுச்சு. எதுக்காக நிக்கிறேனோ அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அதுவே தெரியாம அதுக்காக ஒருத்தன் கல்யாணத்தை நிறுத்துறதா?

இங்கன வந்ததுல இருந்து சொல்லு மேல எனக்கு நம்பிக்கை கொறஞ்சுதான் போச்சு. முதல் தடவை தனியா பஸ் ஏறினப்ப டிரைவர் என்னைப் பாத்து ‘லவ்’ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். பாண்டி விழுந்து விழுந்து சிரிச்சான். இந்த ஊருல கெழவன் கெழவி எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாகளாம், நம்ம பக்கம் ஆத்தான்னு கூப்பிடுறாப்புலயாம். இப்ப அந்த டிரைவர் கூப்பிடலைன்னா அவனுக்கு உடம்புக்கு என்னமோன்னு நெனைக்கிறேன்.

மருமககிட்டக் கேட்டேன். ஷீலா அடுப்படியில நின்னுக்கிட்டே சொன்னா, அவுக மலையாள நாட்டுல கூத்து கோயிலுக்குள்ளயே நடக்குமாம். அதுக்குன்னே கோயில்ல ஒரு மண்டபம் கட்டி வச்சிருப்பாகளாம். ஆடுறவுக பெரிய மனுசங்களாம், எதுக்க உக்காந்திருக்கிற ராஜாவையே கேலி பண்ணலாமாம். எனக்கு எப்படி இருக்கும்? குமுளி மலை ஏறி அங்கிட்டு எறங்கினா அதே சொல்லுக்கு மரியாதை. இங்கிட்டு எறங்கினா புழு.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவைப் பிடிச்சேன். யாழ்ப்பாணத்துப் பொம்பளை, பொறுமையாச் சொன்னா. கூத்துன்னா ஆட்டம், அதை ஆடுறவன் கூத்தாடி, அவ்வளவுதான், அதுல வசவு ஒண்ணும் இல்லையாம். சிவனுக்கே கூத்தன்னு பேரு உண்டாம்.

“அப்ப சாமி ஆடினா கூத்தன், என் தம்பி ஆடினா கூத்தாடியா?”ன்னேன்.

“சாமி காசுக்கு ஆடயில்லைத்தானே, அம்மா”ன்னா. நல்ல வெவரமான பொம்பளை.

ஆனா ராஜபார்ட்டு அவளுக்குத் தெரியலை. ராஜா நம்ம பக்கம், பார்ட் வெள்ளைக்காரன் பக்கம், யாரோ ஒட்டுப் போட்டிருக்காகன்னு மட்டும் சொன்னா.

மிச்சத்தைக் கொண்டுவந்தது நிலாதான். நாடகத்துக்குன்னு அவ கையில ஒரு தாளு குடுத்துவிட்டிருந்தாக. அதுல அவ பேச்சு மட்டும்தான் இருக்கு. கேப்டன் பேசுறது, மத்தவுக பேசுறது எதுவும் இல்லை. அவளுக்கு முன்னால பேசுறவுகளோட கடைசி வார்த்தை ரெண்டு மூணு மட்டும் இருக்கு. இது ஏன் இப்படி அரைகுறையா இருக்குன்னு கேட்டேன். மிஸ் வேணும்னேதான் இப்படிக் குடுத்தாகளாம். முன்னொரு காலத்துல இந்தத் தேசத்துல இப்படித்தான் நாடகம் போட்டாகளாம். கையால எழுதுற காலம்ல, முழு நாடகத்தையும் எல்லாருக்கும் யாரு எழுதிக் குடுக்கிறது? அவுக அவுக பேசுறதை மட்டும் நீளத் தாள்ல எழுதி, சுருட்டிக் கையில குடுத்துருவாகளாம். அந்தத் துண்டுக்குத்தான் பார்ட்டுன்னு பேராம். ரோலுன்னு சொல்றதும் அந்தச் சுருளைத்தானாம்.

“பார்ட்னா பங்கு, அப்பத்தா. ஷேர்.”

பங்கு. வாய்க்கால் தண்ணியில பங்கு இருக்குல்ல, அந்தப் பங்கு.

என் தம்பியும் அப்படித்தான் படிச்சான். அவன் வாத்தியார் முழு நாடகத்தை ஒருநாளும் சொல்லிக் குடுத்ததில்லை. ராஜா பேச்சு, ராஜா பாட்டு, அதோட ராணியா வர்ற ஸ்திரீபார்ட்டு எந்தச் சொல்லுல முடிப்பாங்கிற தகவலு. அம்புட்டுதான். திருவிழாவுக்கு ஸ்திரீபார்ட்டு மதுரையில இருந்து ஒரு பஸ்ஸுல வருவா, பபூன் திண்டுக்கல்லுல இருந்து வேற பஸ்ஸுல வருவான். தம்பி நம்ம ஊருல இருந்து போவான். ஆளாளுக்குத் தனிச் சீட்டு. ஒத்திகை கெடையாது. சில சமயம் ஒருத்தரை ஒருத்தர் முதல் முதலாப் பாக்கிறதே மேடையிலதான். ஒரு நாடகத்தோட பங்குகளைத் தகரப் பெட்டியில வச்சுக்கிட்டு எட்டுத் தெசையில இருந்தும் வந்து எறங்குவாக. அவன் ராஜாவோட பங்கைக் கொண்டு போறவன். அதான் ராஜபார்ட்டு.

யாரு கொண்டாந்து நம்ம செவுத்துல ஒட்டினாகளோ, வெள்ளைக்காரன் துரையோ, அவன்கிட்டக் கத்துக்கிட்ட நம்மாளோ, அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவுக எழுதுங்க.

5

அதுக்கு அடுத்த சனிக்கிழமை வேலவன் வந்தான். அன்னைக்கும் வேலை இருந்திருக்கு போல, அங்க இருந்து நேரா ரயிலேறி வந்திருக்கான், கழுத்துல கம்பெனி அட்டை தொங்குது. நிலா அதைப் பிடிச்சு வாசிச்சா.

“மாமா, இதுல உங்க பேரு சின்னதா இருக்கு. தாத்தா பேருதான பெருசா இருக்கு?”

“அங்க அந்தப் பேருதான்டா. எல்லாரும் மிஸ்டர் கூடலிங்கம்னுதான் கூப்பிடுவாக. சம்பளமும் அந்தப் பேருக்குத்தான் வருது”ன்னு சிரிச்சான்.

நமக்கெல்லாம் பேருக்கு முன்னால ஒரு எழுத்துல ஒடுங்கிக் கிடக்கிற அப்பன் பேரை இங்கன இழுத்து விரிச்சுக் குடும்பப் பேரா ஆக்கிருவாக. எனக்கும் அதே கதைதான். டாக்டர் ஆபீசுல “மிசஸ் முத்தையா”ன்னு கத்துவாக. என் வீட்டுக்காரர் போயிச் சேந்து பல வருசமாச்சு, அவரை எதுக்குக் கூப்பிடுறாகன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். என் முறையை விட்டுட்டு வீட்டுக்கு வந்த நாளெல்லாம் உண்டு. பேச்சியம்மாங்கிற பேரு இந்தத் தேசத்துல என் வீட்டுக்குள்ள மட்டும்தான் இருக்குது.

வேலவன் சிரிச்சவன் அப்படியே நிறுத்திட்டான். அட்டையைக் கழட்டி மேசையில வச்சான். பெறகு ஊருக்குப் பேச வாங்கி வச்சிருந்த காலிங் கார்டைச் சொரண்டி போடிக்குப் போன் போட்டான். என் முன்னாலயே பேசினான். சத்தம் கூட்டலை.

“மாமா, நாளைக்குக் கவிதா இங்க வந்தா ஆபீசு, ஆஸ்பத்திரி எல்லா எடத்துலயும் அதை மிசஸ் கூடலிங்கம்னுதான் கூப்பிடுவாக. எங்க பிள்ளைகளுக்கும் அந்தப் பேருதான். ஓலையில எடுத்துட்டா மட்டும் எங்க போயிரும்?”

பெறகு அவரு, பேரு இருக்கட்டும்னாரு. முன்னால ஒண்ணும் வேண்டாம்னாரு.

6

முன்னால வர்ற அந்தச் சொல்லுக்குத்தான நான் நிக்கிறேன். போனை வாங்கினேன்.

“சம்பந்தி, நீங்க நாடகமே பாத்ததில்லையா?”

“பாக்காம? உங்க தம்பியையே பாத்திருக்கேன். பாட ஆரம்பிச்சா கடைசி வரிசையில இருக்கவனுக்கும் காதுல விழும்.”

“பெறகென்ன?”

“பாக்கிறது வேற, சம்பந்தம் பண்றது வேற, அம்மா. மூத்தவளைக் குடுத்த எடம் கொஞ்சம் குத்திப் பேசுற எடம். எவனாச்சும் ஒரு சொல் சொன்னா எம் மகதான் காலத்துக்கும் கேக்கணும்.”

ஒளிக்காமச் சொன்னாரு. அதுக்காகவே அந்த மனுசனை எனக்குப் பிடிச்சுப் போச்சு. நானும் ஒளிக்கலை. நிலா கொண்டுவந்த தாளு, சுருளு, பங்கு, எல்லாத்தையும் சொன்னேன். வியாபாரி இல்லையா, சரக்கைக் கையில அள்ளிப் பாக்கிற மாதிரி கேட்டுக்கிட்டாரு.

“அப்ப முழு நாடகம் யாருகிட்டயும் கெடையாதாக்கும்.”

“கெடையாது.”

“அப்பறம் எப்படிம்மா விடிய விடிய ஓடுச்சு?”

“ஒருத்தர் முடிக்கிற சொல்லை அடுத்தவுக காது குடுத்துக் கேட்டாப் போதும், சம்பந்தி.”

“நல்லாத்தான் இருக்கு”ன்னாரு. அதே மூச்சுல, “ஆனா ஓலையில வேண்டாம்மா”ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வேலவனைப் பாத்தேன். அவன் என்னைப் பாக்கலை, சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டிருந்தான். பிடிச்ச பொண்ணை ஒரு சொல்லுக்காக இவன் விட்டான்னா, அந்தச் சொல்லைப் பெறகு எந்தக் கண்ணால பாப்பான்? தகப்பன் பேரைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பொண்ணு மூஞ்சிதான முன்னால வரும்?

“சரி சம்பந்தி. ஓலை உங்க வீட்டுத் தாளு. உங்க இஷ்டப்படி எழுதுங்க. பத்திரிகை நான் தனியா அடிப்பேன், அதுல நான் போடுவேன்”ன்னேன். அவரும் சரின்னுட்டாரு.

போனை வேலவன் கையில குடுத்துட்டு வந்து உக்காந்தேன். கோவம் இல்லை. நாடகத்துல மாதிரி என் பேச்சு முடிஞ்சுபோச்சு, அடுத்த பேச்சை யாரு எடுக்கிறதுன்னு தெரியலைன்னு ஒரு இது.

7

நிச்சயம் அன்னைக்கு போடியில என் மூத்த மக செல்வி போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நாங்க எல்லாரும் இங்கன மேசையைச் சுத்தி உக்காந்திருந்தோம். வேலவன் லீவு கெடைக்காம இங்கதான் இருந்தான். அங்கன தட்டு வைக்கிற சத்தம், பிள்ளைக கத்துறது, எல்லாம் கேக்குது. ஓலை வாசிக்கப் போறாகன்னா செல்வி. வாசிச்சவரு பொண்ணுக்குப் பெரிய தாத்தா, சம்பந்திக்குப் பெரியப்பா. தொண்ணூறை நெருங்கினவராம், குரலு மட்டும் கணீர்னு இருக்கு. எங்க வழியில இதைச் சபையில சத்தம் போட்டு வாசிக்கணும். யாரு வீட்டுப் பொண்ணை யாரு வீட்டுக்குக் குடுக்கிறோம்னு ஊரு காதுல விழணும்.

பொண்ணு பக்கம் வாசிச்சு முடிச்சாரு. மாப்பிள்ளை பக்கம் வந்தாரு.

“பொட்டிப்புரம், காலஞ்சென்ற ராஜபார்ட்டு கூடலிங்கம் குமாரன்...”

அங்கன ஒரு சலசலப்பு. வேலவன் கையில இருந்த டம்ளர் அப்படியே நின்னுபோச்சு. சம்பந்தி தணிஞ்ச குரல்ல பேசுறது எனக்குக் கேட்டுச்சு:

“பெரியப்பா, தாள்ல அப்படி இல்லையே.”

“தாள்ல இல்லாட்டி என்னப்பா? வெறும் கூடலிங்கம்னா எவனுக்குத் தெரியும்? கூடலூருப் பக்கம் தெருவுக்குப் பத்துக் கூடலிங்கம் இருக்கான். இது எந்தக் கூடலிங்கம்னு சபைக்குத் தெரிய வேண்டாமா?”

யாரோ ஆமா ஆமான்னாக. இன்னொருத்தரு, அட, அவரு மகனான்னு கேட்டாரு. ஒரு பொம்பளைக் குரலு, கெங்குவார்பட்டியில அவரு பாடினதைக் கேட்டிருக்கேன்னுச்சு. பெரியவரு விட்ட எடத்துல இருந்து வாசிச்சாரு, முழுசா வாசிச்சு முடிச்சாரு. தட்டு மாத்தினாக.

நான் புழுவுல இருந்து சிவன் வரைக்கும், இந்தத் தேசத்துச் சுருளுத் தாளு வரைக்கும் போயி அர்த்தம் தேடிட்டு வந்தேன். அவருக்கு அது எதுவும் வேண்டியிருக்கலை. பெருமையாவும் சொல்லலை, வசவாவும் சொல்லலை. ஆளு தெரியணும்னு சொன்னாரு. தம்பி பேரை அந்தச் சொல்லு இல்லாம அவரு வாயால சொல்ல முடியலை, அம்புட்டுதான்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. பாஸ்போர்ட்டு வந்து சேந்துச்சு, நானும் போனேன். பொண்ணு வீட்டுப் பத்திரிகையில அந்தச் சொல்லு இல்லை. எங்க பத்திரிகையில இருந்துச்சு, கொஞ்சம் பெரிய எழுத்தாவே போடச் சொன்னேன். கவிதா இப்ப மான்செஸ்டர்ல இருக்கு. ஆஸ்பத்திரியில மிசஸ் கூடலிங்கம்னு கூப்பிட்டா அது உடனே எந்திரிச்சுப் போயிருமாம். என்னை மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காதாம்.

இதைத்தான் ஊருல இருக்கவுக தெரிஞ்சுக்கட்டும்னு எழுதினேன். எழுதத்தான் எனக்குக் கொஞ்சம் முடியுது. எழுதினதை முழுசாத் திருப்பி வாசிக்கக் கண்ணு ஒத்துழைக்கலை. இந்தா நிலா, டிவியை அமத்திட்டு இங்கன வா, ஆத்தா. மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி, அவசரம் இல்லை. தாத்தா பேரு வர்ற எடத்துல மட்டும் நல்லாச் சத்தமா வாசி, அடுத்த ரூம்ல இருக்க உங்க அப்பனுக்கும் கேக்கட்டும்.